கொல்லைக் கொட்டகையும் ஐந்து 'எஸ்'களும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



பேரவை மலருக்கு ஆளுக்கொரு கட்டுரை கொடுங்கள் என்று கேட்டார்கள். நண்பர்கள் பலரும் ராக்கெட், ரோபோ, மின்சாரக் கார் என்று பெரிய பெரிய தலைப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிற எட்டடிக்கு ஆறடிக் கொட்டகைதான். சிரிக்காதீர்கள்! பாலிடெக்னிக்கில் படித்த ஒரு பாடத்தை முதன்முதலாக நான் சொந்தமாகச் செய்து பார்த்த இடம் அதுதான். அதில் ஜெயித்ததும் உண்டு, நன்றாக மொத்து வாங்கியதும் உண்டு. இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

கொட்டகை வந்த கதை

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான் ஒருவன்தான். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை ஏறியபோது நான் சின்னப் பையன். விடிந்து பார்த்தால் தோப்புகளில் தென்னைகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. மரம் போனால் அப்பாவுக்கு வேலையும் போச்சு. தோப்புக்காரர், "சாஞ்ச மரத்துல ரெண்டு எடுத்துக்க" என்றார். அந்த மரத்தை அறுத்துத்தான் அப்பா இந்தக் கொட்டகையைப் போட்டார். கீழே மூன்றடிக்குச் சிமெண்ட் கல், அதற்கு மேலே தென்னம்பலகை, கூரைக்குத் தகர ஷீட்.

அதற்குள் ஆறேழு வருஷமாகச் சேராத சாமான் இல்லை. மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள்கள், தேங்காய் உரிக்கிற பாரை, களைக்கொத்து, தெளிப்பான், பூவாளி, உர மூட்டை, சாக்கு, கயிறு, ஓட்டை வாளி, சைக்கிள் டியூப் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். அரிவாள் வேண்டுமென்றால் முதலில் சாக்கைத் தள்ளி, பிறகு வாளியைத் தள்ளி, அப்புறம் கையை விட்டுத் துழாவ வேண்டும். துழாவும்போது முதலில் அகப்படுவது அரிவாளின் பிடியா, வாயா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏழு வயதுத் தங்கை கொட்டகையிலிருந்து ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அரை பாட்டிலுக்கு அரக்கு நிறத்தில் ஏதோ இருந்தது. "அண்ணா, இது நன்னாரி சர்பத்தா?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திருகினாள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடுங்கிய வேகத்தில் பாட்டில் கீழே விழுந்து உருண்டது. அது கரையானுக்கு ஊற்றுகிற மருந்து. பெரிய டப்பாவில் மிச்சம் இருந்ததை யாரோ அதில் ஊற்றி வைத்திருக்கிறார்கள். என்ன மருந்து என்று பெயர் கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நண்பர்களே, 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. நாம் செய்தித்தாளில் படித்துவிட்டுத் தள்ளிவிடுகிற விஷயம், எங்கள் வீட்டு வாசல்வரை வந்து திரும்பிப் போயிருக்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கொட்டகையை ஒழுங்கு பண்ணுவது என்று முடிவு செய்தேன்.

ஐந்து 'எஸ்' என்றால் என்ன?

நம் பிட்டிங் ஷாப்பில் டூல் ரூம் பார்த்திருப்பீர்கள். எந்தச் சுத்தியல் எங்கே தொங்க வேண்டுமோ அங்கே தொங்கும். டோக்கன் கொடுக்காமல் ஓர் அரம்கூட வெளியே வராது. இப்படி வேலையிடத்தை ஒழுங்குபடுத்த ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளர்ந்த முறையின் பெயர்தான் ஐந்து 'எஸ்'. செய்ரி, செய்ட்டன், செய்ஸோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்ற ஐந்து ஜப்பானியச் சொற்களும் ஆங்கிலத்தில் எழுதும்போது 'எஸ்' எழுத்தில் தொடங்குவதால் இந்தப் பெயர். நம் தமிழில் சொன்னால் பிரித்தல், இடம் கொடுத்தல், சுத்தம் செய்தல், ஒரே முறையாக்கல், பழக்கமாக்கல்.

1. பிரித்தல்

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். உள்ளே இருக்கும்போதே ஒழுங்கு பண்ணினால், ஒரு மூலைக் குப்பை இன்னொரு மூலைக்குப் போகுமே தவிரக் குறையாது. பரப்பியதை மூன்று கும்பலாகப் பிரிக்கலாம். வேண்டியது, வேண்டாதது, சந்தேகமானது.

இங்கேதான் நான் முதல் மொத்து வாங்கினேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் 'சந்தேகமானது' என்ற கும்பலே வைக்கவில்லை. துருப்பிடித்ததெல்லாம் வேண்டாதது என்று தீர்மானித்து, அந்த வழியாக வந்த பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டுவிட்டேன். கையில் 210 ரூபாய் வந்தது. சாயந்திரம் அப்பா வந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மூலையில ஒரு கொழு கெடந்துச்சே, எங்க தம்பி?"

அது தாத்தாவின் ஏர்க்கொழு. சொந்த மாடு, சொந்த ஏர் என்று எங்கள் குடும்பத்துக்கு இருந்த காலத்தின் மிச்சம் அது ஒன்றுதான். மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்கு ஓடினேன். லோடு ராத்திரியே ஏறிவிட்டது என்றார்கள். அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே என் முதல் விதி: அந்த இடத்தைப் புழங்குகிறவரைக் கேட்காமல் எதையும் கழிக்காதே. தொழிற்சாலைகளில் இதற்கென்றே சிவப்புச் சீட்டு முறை இருக்கிறது. சந்தேகமான பொருளில் ஒரு சிவப்புச் சீட்டைக் கட்டித் தேதி போட்டுத் தனியாக வைத்துவிடுவார்கள். குறித்த காலம்வரை யாரும் தேடவில்லை என்றால்தான் கழிப்பார்கள். வீட்டுக் கொட்டகைக்கு ஒரு வருஷமாவது வைக்க வேண்டும். ஏனென்றால் விவசாயச் சாமான்கள் பருவத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரும்.

2. இடம் கொடுத்தல்

எங்கள் கொட்டகையின் தரை 8 × 6 = 48 சதுர அடி. சராசரி உயரம் 7 அடி. நான்கு சுவரும் சேர்த்து 28 × 7 = 196 சதுர அடி. கதவுக்கு 15 போனால் 181. தரையைவிடச் சுவர் ஏறக்குறைய நான்கு மடங்கு! இருந்தும் நாம் எல்லாச் சாமானையும் தரையிலேயே போடுகிறோம். சின்ன இடத்துக்கு முதல் ரகசியம், சுவரைப் பயன்படுத்துவதுதான்.

எதை எந்த உயரத்தில் வைப்பது? தினமும் எடுப்பது இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே. கனமானது கீழே. எப்போதாவது எடுக்கும் லேசான பொருள் மேலே. பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் கொத்தனார்களின் கையசைவுகளைக் கவனித்து, ஒரு செங்கல்லை வைக்க ஆகும் 18 அசைவுகளை 5 ஆகக் குறைத்துக் காட்டினார். அதில் முக்கியமான காரியம், கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனியாதபடி கல்லைக் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்ததுதான். அரிவாளுக்கும் அதே கணக்குதான்.

ஆணி அடிப்பதில் ஒரு விஷயம். தென்னைமரத்தின் வெளிப்பக்கம் கெட்டி, நடுப்பக்கம் மெது. கெட்டியான பலகையில் நேராக ஆணி அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் பலகை பிளக்கும். முதலில் ஆணியைவிடச் சிறிய துளை போட்டுக்கொண்டு, ஆணியின் தலை கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்து அடிக்க வேண்டும். அப்போதுதான் சாமான் நழுவாது. அரிவாளின் வாய்க்குப் பழைய தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டை வெட்டி, நெடுக்காகக் கீறி உறைபோல மாட்டிவிட்டால் கை தப்பும். நீளமான தொரட்டி உள்ளே அடங்கவில்லை. வீட்டுத் தாழ்வாரத்தின் கீழ் இரண்டு கொக்கி அடித்துப் படுக்கவைத்துவிட்டேன்.

இதெல்லாம் முடித்து, டூல் ரூம் மாதிரியே ஒவ்வோர் ஆணிக்கும் மேலே அட்டையில் பெயர் எழுதி ஒட்டினேன். அதுவும் ஆங்கிலத்தில்! மண்வெட்டி எல்லாம் ஒரு பக்கம், அரிவாள் எல்லாம் ஒரு பக்கம், கயிறு எல்லாம் ஒரு பக்கம். அப்பா வந்தார். கதவோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா யாருக்கு எழுதி ஒட்டியிருக்க?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத்தான் வரும். அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறவர் அவர். நானோ, என்றைக்காவது எட்டிப் பார்க்கப்போகிற எனக்காக எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்ததையும் சொன்னார். "தண்ணி கட்டப் போனா மண்வெட்டி, டார்ச்சு, தலைக்குப் போடச் சாக்கு மூணும் ஒண்ணா வேணும். நீ ஆளுக்கொரு மூலையில மாட்டி வச்சிருக்க. ராத்திரி கரண்டு இல்லாத நேரத்துல நான் மூணு மூலையும் சுத்தணுமா?"

அப்போதுதான் புரிந்தது. நான் குப்பை என்று நினைத்த கும்பலுக்குள் அப்பாவிடம் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. நான் சாமானின் இனத்தைப் பார்த்துப் பிரித்தேன். அவர் வேலையைப் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார். தொழிற்சாலைகளிலும் ஒரு வேலைக்குத் தேவையான பாகங்களையும் கருவிகளையும் ஒரே தட்டில் சேர்த்து வைக்கும் முறை உண்டு. 'கிட்' என்பார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவுதான்.

அட்டையை எல்லாம் கிழித்தோம். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து செய்தோம். தண்ணீர் கட்டும் சாமான் ஒரு கூட்டம், தேங்காய் வேலை ஒரு கூட்டம், களை வேலை ஒரு கூட்டம். கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டுவது தண்ணீர் கட்டும் சாமான். அப்பா இடதுகைக்காரர் என்பதால் அதைக் கதவுக்கு இடப்பக்கம் மாட்டினோம். நானாக வைத்திருந்தால் வலப்பக்கம்தான் வைத்திருப்பேன்.

பெயருக்குப் பதிலாகப் படம். சாமானைச் சுவரில் மாட்டி, அதைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின்மேல் பெயிண்ட் அடித்தோம். இதைத்தான் தொழிற்சாலையில் 'ஷேடோ போர்டு' என்கிறார்கள். அரிவாள் இல்லாவிட்டால் அரிவாள் வடிவம் மட்டும் காலியாகத் தெரியும். எது எங்கே இருக்க வேண்டும், எது திரும்பி வரவில்லை என்பது எழுத்தே தெரியாதவருக்கும் ஒரு பார்வையில் புரியும். சாக்பீஸ் கோடு முழுக்க அப்பா போட்டது. நான் பெயிண்ட் அடித்தது மட்டும்தான்.

3. சுத்தம் செய்தல்

சுத்தம் என்பது அழகுக்காக மட்டும் இல்லை, பழுதைக் கண்டுபிடிக்கவும்தான். துடைக்கும்போதுதான் மண்வெட்டிக் காம்பில் விரிசல் தெரியும், கூரையில் ஓட்டை தெரியும்.

துருவைப் பற்றி நாம் வேதியியலில் படித்தோம். இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தடுத்தால் போதும். வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவினால் அந்த மெல்லிய படலமே காவல். இன்னொன்று, உர மூட்டையும் இரும்புச் சாமானும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக்கூடாது. நாம் வாங்குகிற பொட்டாஷ் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு துருவை வேகப்படுத்தும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டி தட்டிவிடும். இப்போது வரும் 45 கிலோ மூட்டை கட்டி தட்டினால் உடைத்துப் போட அரைநாள் போய்விடும். அதனால் மூட்டைகளைச் சுவரில் ஒட்டாமல், பலகைமேல் தூக்கி வைக்க வேண்டும்.

அந்தப் பலகைக்கும் தரைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விட்டிருக்கிறோம். விளக்குமாறு உள்ளே போக வேண்டும், டார்ச் அடித்தால் மறுபக்கச் சுவர் தெரிய வேண்டும். மறைவு இருந்தால் எலி வரும். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். நல்ல பாம்பும் விரியன்களும் உள்ள ஊர் நம் ஊர். யாரையாவது கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

4. ஒரே முறையாக்கல்

இன்றைக்கு நான் வைத்த மாதிரியே நாளைக்கு அப்பாவும் வைக்க வேண்டும், அம்மாவும் வைக்க வேண்டும். அதற்கு வாயால் சொல்லும் சட்டத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் நல்லது. எங்கள் கொட்டகையில் மிக முக்கியமான அடையாளம் மருந்துப் பெட்டிதான். பழைய மரப்பெட்டிக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, கீலும் பூட்டும் போட்டுத் தங்கைக்கு எட்டாத உயரத்தில் அறைந்திருக்கிறோம். அதற்கு மூன்று சட்டம்:

ஒன்று, மருந்து அதன் சொந்த டப்பாவிலேயே இருக்க வேண்டும். வேறு பாட்டிலில் ஊற்றவே கூடாது. சாப்பாட்டுச் சாமான் இருந்த பாட்டில் என்றால் கனவில்கூடக் கூடாது.

இரண்டு, டப்பாவில் ஒட்டியிருக்கிற லேபிளைக் கிழிக்கக்கூடாது. அதில் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம்தான் விஷத்தின் அளவைச் சொல்கிறது. சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், அதற்கடுத்து நீலம், கடைசியாகப் பச்சை. 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளில் வந்த ஏற்பாடு இது. பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். விஷமுறிவு மருந்து என்ன என்பதும் அந்த லேபிளில்தான் இருக்கும். ஆபத்து என்றால் டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

மூன்று, காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள வைத்துக்கொள்ளக்கூடாது. ஓட்டை போட்டுவிட வேண்டும்.

நிறத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்பதால் அப்பாவுக்கு இதை ஒருதரம் சொன்னதே போதும். இப்போது தோப்பில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

5. பழக்கமாக்கல்

நான்கையும் ஒரே வாரத்தில் செய்துவிடலாம். ஐந்தாவதுதான் கஷ்டம். முதல் மாதம் அழகாக இருந்த கொட்டகை, இரண்டாவது மாதம் பழையபடி ஆகத் தொடங்கியது. சட்டம் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று செய்தோம். ஞாயிறு காலை டீ குடித்தபின் பத்து நிமிஷம் வீட்டில் எல்லோரும் கொட்டகையில். அவ்வளவுதான். பத்து நிமிஷத்துக்குமேல் வேலை இருந்தால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

அதோடு, ஆளுக்கொரு இடம் சொந்தமாகக் கிடைத்தபின்தான் ஒழுங்கு நிலைத்தது. அம்மாவுக்கு ஒரு தட்டு. அதில் அவரைவிதை, பூசணிவிதை, பீர்க்கன்விதை எல்லாம் சாம்பல் கலந்து மூடிபோட்ட டப்பாக்களில் இருக்கின்றன. டப்பாவின்மேல் எழுத்து இல்லை, ஒவ்வொரு விதையில் ஒன்று ஒட்டியிருக்கிறது. தங்கைக்குத் தரையிலிருந்து இரண்டரை அடியில் ஓர் ஆணி. அதில் அவளுடைய சின்னப் பூவாளி. அவளே எடுத்து அவளே மாட்டுகிறாள். எனக்கு ஜன்னலோரம் ஒரு பலகை, அதில் ஒரு சின்ன வைஸ். அப்பாவின் அரிவாளை அரம் போட்டுத் தீட்டுவது இப்போது என் வேலை. பிட்டிங் ஷாப்பில் ஒரு வருஷம் அரம் தேய்த்ததுக்கு வீட்டில் கிடைத்த மரியாதை அது!

செலவுக் கணக்கு

பெயிண்ட்டும் பிரஷும் 130, ஆணியும் கொக்கியும் 110, கீலும் பூட்டும் 180. மொத்தம் 420 ரூபாய். பலகை, பெட்டி, குழாய்த்துண்டு எல்லாம் வீட்டில் கிடந்தவை. இரும்பு விற்ற 210 ரூபாயை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அந்தப் பணம் இன்னும் என் டிராயிங் பெட்டியில் அப்படியே இருக்கிறது. செலவு பண்ண மனசு வரவில்லை.

முடிவாக

நண்பர்களே, நம்மில் பலர் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். நாலு ஆங்கில வார்த்தையும் நாலு சூத்திரமும் தெரிந்தவுடன் வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. நாளை நாம் சூப்பர்வைசராகப் போகும் கம்பெனியிலும் இருபது வருஷம் அதே மெஷினில் நின்ற ஒரு தொழிலாளி இருப்பார். அவருடைய மேஜையை ஒழுங்குபடுத்த நம்மை அனுப்புவார்கள். அப்போது அட்டையும் பேனாவும் எடுப்பதற்கு முன், "அண்ணே, இது ஏன் இங்க இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டதற்கு ஒரு ஏர்க்கொழு போயிற்று.

உங்கள் வீட்டிலும் ஒரு கொட்டகையோ, பரணோ, மாட்டுக்கொட்டில் மூலையோ கட்டாயம் இருக்கும். வருகிற விடுமுறையில் செய்து பாருங்கள். எதுவும் முடியாவிட்டாலும் ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த மருந்து வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.